ரிம்முக்கும் பொருத்தம் பார்க்கணும்

காலை நிகழ்ச்சியில் ஒரு நாள் நேயர்களிடம் சின்னக் கேள்வி ஒன்று போட்டேன். "கார் வாங்கியதும் முதன்முதலாக எதை மாற்றினீர்கள்?" சீட் கவர், ஹார்ன், டேஷ்போர்டில் பிள்ளையார் என்று பதில் வரும் என்றுதான் நினைத்தேன். வாட்ஸ்அப்பில் வந்து குவிந்ததில் பாதிக்கு மேல் ஒரே சொல்: ரிம். அதிலும் ஒருவர், "மனைவிக்குத் தெரியாமல் மாற்றினேன், தயவுசெய்து பெயரை வாசித்துவிடாதீர்கள்" என்று எழுதியிருந்தார். வாசிக்கவில்லை. ஆனால் அண்ணே, கார் போர்ச்சில்தானே நிற்கிறது, அண்ணி பார்த்திருக்க மாட்டாரா?

ஆகவே இந்த வாரம் ரிம்மைப் பற்றியே பேசிவிடலாம். குறிப்பாக, இறக்கிய ஸ்போர்ட்ஸ் காருக்கு ரிம் மாற்றுவது. சாதாரண மைவிக்கு ரிம் மாற்றும்போது கணக்கு கொஞ்சம் பிசகினாலும் கார் மன்னித்துவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் முழுக் கையும் நுழையும் அளவுக்கு இடம் இருக்கிறது. இறக்கிய காரில் இரண்டு விரல் நுழைந்தால் பெரிய விஷயம். அங்கே பத்து மில்லிமீட்டர் என்பது ஓடும் காருக்கும் உரசும் காருக்கும் உள்ள வித்தியாசம்.

சித்தி மகன் ஒருவன் இருக்கிறான். ஷா ஆலமில் வேலை, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வயது. போன வருடம் பழைய டொயோத்தா 86 ஒன்றை வாங்கினான். 2012-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த அந்த இரண்டு கதவு கார்தான். 1980-களின் ஏஇ86 கோரோலாவை நினைவூட்டத்தான் இந்தப் பெயர். "இனிஷியல் டி" சித்திரக்கதையில் தோஃபு விநியோகம் செய்துகொண்டே மலைப்பாதையில் பறக்குமே, அந்தப் பழைய கார். புதிய 86-இன் இஞ்சினில் சிலிண்டரின் விட்டமும் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 86 மில்லிமீட்டர். வானொலிக்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். இப்படிப்பட்ட விவரங்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

காரை முந்தைய உரிமையாளரே கொய்லோவர் போட்டு ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் இறக்கியிருந்தார். ரிம்மும் அவர் போட்டதே. பார்க்க அட்டகாசம். மாமாக் கடை வாசலில் நிறுத்தினால் தே தாரே ஆற்றுகிறவர்கூட ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுப் பார்ப்பார். பிரச்சினை பின் சீட்டில் ஆள் ஏறியதும் தொடங்கியது.

ஈப்போவில் பெண் வீடு. சம்பந்தம் பேச சித்தியையும் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போயிருக்கிறான். அந்தக் காரின் பின் சீட் எப்படி என்பது உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். சித்தி பட்டுப்புடவையோடு குறுக்கே உட்கார்ந்து, மடியில் தாம்பூலத் தட்டு. பாலம் சேரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் பின்னால் "கிர்ர்" என்று சத்தம். தாப்பா ஓய்வுப் பகுதியில் இறங்கிக் கீழே படுத்துப் பார்த்தால், பின் டயரின் வெளித்தோள் கத்தியால் சீவியதுபோல வழித்துவிட்டிருந்தது. உட்பக்கம் இன்னும் மோசம். நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில், அம்மா அப்பாவோடு, அந்த டயரில்தான் வந்திருக்கிறான்.

அங்கிருந்து மெதுவாக ஊர் போய்ச் சேர்ந்து, இரண்டு டயர் மாற்றி, மறுநாள் எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, வேற ரிம் வாங்கணும். நீ கூட வா."

"நான் எதுக்குடா?"

"நீ வந்தா தவுக்கே பொய் சொல்ல மாட்டார். ரேடியோவுல சொல்லிடுவேன்னு பயப்படுவார்."

அந்தப் பயம் யாருக்கும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் போனேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால், காரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தோம். ரிம்மைக் கழற்றித் திருப்பினால் பின்பக்கம், ஆரங்களுக்கு நடுவிலோ ஹப்பில் ஒட்டும் முகத்திலோ, எண்கள் பொறித்திருக்கும். இவனுடையதில் 18×9.5, ஆஃப்செட் 38. அதோடு 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் வேறு. தொழிற்சாலை கொடுத்தது 17×7, ஆஃப்செட் 48. இந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான் கதை முழுவதும் இருக்கிறது.

ஆஃப்செட் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். விஷயம் எளிது. ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு கோடு போடுங்கள். ரிம் ஹப்பில் போய் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதே ஆஃப்செட். எண் பெரிதானால் சக்கரம் உள்ளே போகும். எண் சிறிதானால் வெளியே வரும். ஸ்பேசர் வைத்தால் அதன் தடிப்பை ஆஃப்செட்டிலிருந்து கழித்துவிட வேண்டும். ஆக இவன் காரில் நிஜமான ஆஃப்செட் 33.

இனி கூட்டல் கழித்தல். 7 அங்குலம் என்பது 178 மில்லிமீட்டர், பாதி 89. அதில் 48 போனால் 41. அதாவது தொழிற்சாலை ரிம்மின் வெளி உதடு ஹப் முகத்திலிருந்து 41 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. உட்பக்கத்துக்குக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்ட வேண்டும்: 89-உம் 48-உம் 137. இப்போது இவனுடைய 9.5 அங்குலத்துக்கு வாருங்கள். பாதி 121. அதில் 33 போனால் 88. உள்ளே 154. வெளிப்பக்கம் 47 மில்லிமீட்டர் கூடுதல், உட்பக்கம் 17 மில்லிமீட்டர் கூடுதல். ஒரு தீப்பெட்டியின் அகலத்துக்கு மேலேயே சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. பிறகு உரசாமல் என்ன செய்யும்?

முந்தைய உரிமையாளர் இதை எப்படிச் சமாளித்தார் என்றால், சக்கரத்தைச் சாய்த்துவிட்டார். கேம்பர் என்று சொல்வார்கள். இந்த அளவுச் சக்கரத்தில் ஒரு டிகிரி சாய்த்தால் மேல்முனை ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உள்ளே போகும். மூன்று டிகிரி சாய்த்தால் பதினாறு. மட்கார்டுக்குள் நுழைந்துவிடும், புகைப்படத்திலும் அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சாய்வில் டயரின் உள்விளிம்புதான் பாரத்தைச் சுமக்கிறது, அதுவே முதலில் தேய்கிறது. வெளியே நின்று பார்க்கிற நமக்கு டயர் புதிது மாதிரியே தெரியும். தாப்பாவில் அவன் பார்த்த நூல் இப்படி வந்ததுதான். இறக்கிய கார் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, முன் டயரின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பின் டயருக்குக் குனியத்தான் வேண்டும். வேறு வழியில்லை.

இன்னொரு தந்திரமும் அந்தக் காரில் இருந்தது. 9.5 அங்குல ரிம்மில் 225/40 ஆர்18 டயர். இந்த அளவு டயர் 7.5 முதல் 9 அங்குலம் வரையிலான ரிம்முக்குத்தான். அதற்கு மேல் இழுத்து மாட்டினால் டயரின் பக்கச்சுவர் சாய்ந்து, மட்கார்டில் படாமல் தப்பும். ரிம்மின் உதடு நிர்வாணமாக வெளியே நிற்கும். டயர் விளிம்பு ரிம்மைப் பிடித்திருக்கிற பிடி தளரும். குழியில் அடித்தால் முதல் அடி ரிம்முக்குத்தான். ஷா ஆலம், கிள்ளான் பக்கம் லாரி ஓடுகிற சாலைகளில் மழைக்காலத்தில் போய்வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்வைக்கு இது பிடிக்கும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ரசனை அவரவர் பாடு. ஆனால் அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றுகிற காருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பூச்சோங் பக்கம் ஒரு ரிம் கடை. சுவர் முழுக்க ரிம்கள், கோயிலில் விளக்கு அடுக்கியதுபோல. தவுக்கே நல்ல மனிதர், வியாபாரி. தம்பியின் காரைப் பார்த்ததுமே இரண்டு சோடி காட்டினார்.

முதலாவது, டொயோத்தா விஷ்ஷிலிருந்து கழற்றிய ரிம். விலை மலிவு. "டொயோத்தா ரிம், டொயோத்தா கார், ஐந்து நட், பிசிடி 100. அப்படியே உட்காரும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பிசிடி என்பது நட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். விஷ்ஷுக்கும் 5×100, 86-க்கும் 5×100. ஆனால் 86-ஐ டொயோத்தாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கின. அதன் இரட்டைப் பிறவி சுபாரு பிஆர்இசட். ஹப் சுபாருவுடையது. நடு ஓட்டைக்குள் நுழைய வேண்டிய அந்தக் குமிழ் 86-இல் 56.1 மில்லிமீட்டர். விஷ் ரிம்மின் நடு ஓட்டையோ 54.1. இரண்டு மில்லிமீட்டர் சின்னது. சுத்தியலால் அடித்தாலும் போகாது. கடைந்து பெரிதாக்கலாம் என்றார் கடைப்பையன். ஆகும்தான், ஆனால் லேத்தில் சரியான மையம் பிடித்துக் கடைய வேண்டும், அதற்குப் பிறகு அந்த ரிம்மைத் திரும்ப விஷ்காரருக்கு விற்க முடியாது.

நட்டும் இதே கதை. டொயோத்தாவின் வழக்கமான நட் எம்12, மரை இடைவெளி 1.5. 86-க்குச் சுபாரு வழக்கப்படி 1.25. தவறான நட் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு ஏறுவதுபோல நடிக்கும், பிறகு இறுகும். ஏர் கன்னை வைத்து அழுத்தினால் போல்ட்டின் மரையே போய்விடும். எப்போதும் முதல் சில சுற்றுகள் கையால் திருகச் சொல்லுங்கள். கையால் போகவில்லை என்றால் அது அந்தக் காரின் நட் இல்லை.

என் பாட்டி ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "எட்டுப் பொருத்தம் இருக்கு, ரஜ்ஜு மட்டும் இல்ல" என்று தட்டிக்கழிப்பார். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து ஓட்டையும் ஒன்றுபோல இருந்தால் மட்டும் போதாது.

இரண்டாவது சோடி, 18×8.5, ஆஃப்செட் 35. பிரபலமான ஜப்பான் ரிம் ஒன்றின் அச்சு நகல். ரேஸ் நிறுவனத்தின் டிஇ37 1996-இல் வந்ததிலிருந்து அதன் ஆறு ஆரம் உலகம் முழுக்க நகலெடுக்கப்படுகிறது. நகல் என்பதாலேயே நான் முகம் சுளிப்பவள் அல்ல. எல்லோராலும் அசலை வாங்க முடியாது. ஆனால் ரிம் என்பது காரின் எடையைத் தாங்கும் பாகம், அலங்காரத்துக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் இல்லை. பின்பக்கம் ஜேடபிள்யூஎல் என்று ஒரு முத்திரை இருக்கும். அது ஜப்பானின் தரத்தைப் பின்பற்றியிருப்பதாகத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது. அதன் பக்கத்தில் விஐஏ முத்திரையும் இருந்தால், வெளி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்திருக்கிறது என்று பொருள். இரண்டும் இருக்கிறதா, எழுத்து தெளிவாக வார்க்கப்பட்டிருக்கிறதா, ஒரு ரிம் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நகலில் ஜேடபிள்யூஎல் மட்டும் இருந்தது. பார எண்ணைக் காணோம். தம்பி அதைத் தூக்கிப் பார்த்தான். "அக்கா, ஆட்டுக்கல் மாதிரி இருக்கு" என்று கீழே வைத்தான்.

எடை முக்கியமா என்றால், முக்கியம்தான். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை எல்லாம் சாலையின் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்க வேண்டியவை. கனத்த சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அதைத் திரும்பக் கட்டுப்படுத்த ஷாக் அப்சார்பர் திணறும். இறக்கிய காரில் அதற்கு ஏற்கெனவே ஓடுவதற்கு இடம் குறைவு. 18 அங்குலத்துக்குப் போனால் ரிம் பெரிதாகி, ரப்பர் மெலிதாகும். 215/45 ஆர்17 டயரின் பக்கச்சுவர் 97 மில்லிமீட்டர். 225/40 ஆர்18-இல் 90. ஏழு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குழிக்குத் தெரியும் அந்த ஏழு.

மூன்றாவது சோடியை அவர் காட்டவில்லை. தம்பியே மூலையில் கண்டுபிடித்தான். ஜப்பானிலிருந்து வந்த பழைய எங்கெய் ஆர்பிஎஃப்1, 17×8, ஆஃப்செட் 45, பிசிடி 100. வெள்ளி நிறம், அங்கங்கே கீறல். வார்த்த பிறகு உருளையால் அழுத்தி இழுத்துச் செய்வதால் மெல்லிசாகவும் உறுதியாகவும் இருக்கும். ஒன்று 7 கிலோவைச் சுற்றித்தான். ஒரு கையால் தூக்கிவிடலாம். கணக்குப் போட்டோம்: பாதி 102, கழித்தால் வெளியே 57, கூட்டினால் உள்ளே 147. தொழிற்சாலை ரிம்மைவிட வெளியே 16, உள்ளே 10 மில்லிமீட்டர் மட்டுமே கூடுதல். இரண்டு பக்கமும் அளவாகப் பங்கிட்டுக்கொள்கிறது.

தம்பியின் முகம் வாடியது உண்மை. "அக்கா, 17 சின்னதா தெரியாதா?" என்றான். மட்கார்டின் வளைவுக்குள் டயர் பாதி ஒளிந்து நிற்கிற அந்தத் தோற்றத்தை விட்டுவிட அவனுக்கு மனமில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. போனஸ் அவனுடையது, கல்யாணச் செலவும் அவனுடையதுதான்.

பழைய ரிம் வாங்குகிறவர்கள் கடையிலேயே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நான்கையும் பேலன்சிங் இயந்திரத்தில் டயர் இல்லாமல் மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். உள் உதடு ஆடினால் கண்ணாலேயே தெரியும். முன்பக்கம் எப்படிப் பளபளத்தாலும் சரி, உள்சுவரைத் தடவிப் பாருங்கள். ஒட்டவைத்த, வெல்டிங் செய்த தழும்பு கையில் தட்டுப்பட்டால் வாங்காதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய ரிம்மை நான் கூடுதல் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கீறல் தெரிகிற ரிம் பரவாயில்லை, அது எதையும் மறைக்கவில்லை. இந்த நான்கில் மூன்று நேராகச் சுற்றின. ஒன்று இலேசாக ஆடியது. அதைக் காட்டி விலையைக் குறைத்தோம், உள் உதட்டை நிமிர்த்தும் செலவைத் தவுக்கேயே ஏற்றுக்கொண்டார்.

ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ரிம்மை மட்டும் இரவல் வாங்கி, தம்பி வழக்கமாகப் போகும் பட்டறைக்கு எடுத்துப்போனோம். அங்கே இருக்கிற அண்ணன் சொன்ன முறைதான் இந்தக் கட்டுரையிலேயே பயனுள்ள பகுதி என்பேன். கணக்கு சரியாக இருந்தாலும் ஒவ்வொரு கொய்லோவரும் ஒவ்வொரு தடிப்பு, ஒவ்வொரு காரும் ஒவ்வொரு உயரம். மாட்டிப் பார்க்காமல் தெரியாது.

காரைத் தாங்கியில் நிறுத்தி, டயரோடு அந்த ரிம்மை மாட்டினார். பிறகு ஜாக்கை வைத்துச் சக்கரத்தின் பக்கத்தை மட்டும் மெதுவாக மேலே தூக்கினார், பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும்வரை. பெரிய பள்ளத்தில் விழும்போது சக்கரம் எங்கே போய் நிற்குமோ, அந்த இடத்தை நின்ற நிலையிலேயே காட்டிவிட்டார். முன்பக்கத்தில் அதே நிலையில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பினார். உள்ளே கொய்லோவர் தண்டுக்கும் டயருக்கும் இடையில், பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணில் ஓர் உருண்டை ஒட்டியிருந்தார். திருப்பி முடித்து எடுத்தபோது அது எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதுதான் மிச்ச இடம். "அஞ்சு மில்லியாவது இருக்கணும்மா. வளைவில டயர் மடங்கும், ரிம்மும் இலேசா அசையும்" என்றார். இருந்தது.

பிரேக்கும் பார்க்க வேண்டிய ஒன்று. ரிம்மின் ஆரம் உட்பக்கம் குழிந்திருக்கிறதா, நேராக இறங்குகிறதா என்பதைப் பொறுத்துக் காலிப்பரில் இடிக்கும், அல்லது இடிக்காது. ஆஃப்செட் எண் இதைச் சொல்லாது. பெரிய பிரேக் போட்ட காரில் 17 அங்குலம் நுழையாமலே போகலாம். இவன் காரில் தொழிற்சாலை பிரேக்தான். கையால் சுற்றிவிட்டோம், தடையின்றிச் சுற்றியது.

காரின் உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதையும் அவரிடம்தான் கற்றேன். தரையிலிருந்து அளந்தால் டயர் மாறும்போதெல்லாம் எண் மாறிவிடும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்புக்கு அளக்க வேண்டும். நான்கு பக்கமும் அளந்தபோது இடது பின்பக்கம் மற்றதைவிட 8 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. யாரும் இதுவரை கவனிக்கவில்லை. கொய்லோவரைத் திருகி நான்கையும் சமமாக்கி, பின்பக்கத்தை மொத்தமாக 10 மில்லிமீட்டர் உயர்த்தினார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "உங்கம்மா பின்னால உக்காரணுமா வேணாமா?" என்றார் அண்ணன். வாயை மூடிக்கொண்டான்.

டயர் 215/45 ஆர்17, தொழிற்சாலை அளவேதான். 8 அங்குல ரிம் வரை அந்த டயர் தாங்கும். 225/45 போடலாமே என்று கேட்டான். போடலாம். ஆனால் மொத்த விட்டம் 625-லிருந்து 634 ஆகும். மட்கார்டுக்கு நாலரை மில்லிமீட்டர் நெருங்கும், இறக்கிய காரில் அதையும் எதற்குக் கொடுக்க வேண்டும்? டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் 87 என்ற எண்ணையும் பாருங்கள். ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்று பொருள். புது டயரின் எண் அதற்குக் கீழே போகக் கூடாது.

ஆர்பிஎஃப்1-இன் நடு ஓட்டை 73 மில்லிமீட்டர், காரின் ஹப் 56.1. நடுவில் ஒரு வளையம் வேண்டும். அந்த வளையம் எடையைத் தாங்குவதற்கு அல்ல, நட்டை இறுக்கும் வரை ரிம்மை நடுவில் பிடித்து நிறுத்த. அது இல்லாவிட்டால் 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். நீங்களும் பேலன்சிங் கடைக்கு நடையாய் நடந்து காசு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். வளையம் சில ரிங்கிட் பொருள். நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா என்பதும் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். ஐரோப்பியக் கார் ரிம்கள் சிலவற்றுக்கு உருண்டை வேண்டும், ஜப்பான் கடை ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு.

இறுக்குவது 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வைத்து. கார் உரிமையாளர் கையேட்டில் இருக்கிற எண் அது. நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் ஒரு முறை பார்க்கச் சொன்னார். அலுமினியம் கொஞ்சம் அமரும். முதல் வாரம் நட் தளர்வது புது ரிம்மில் அபூர்வம் அல்ல.

மட்கார்டின் உள் உதட்டை மடக்கிவிடலாமா என்று கடையில் கேட்டார்கள். உரசலுக்கு அது ஒரு வைத்தியம்தான். ஆனால் சூடு காட்டாமல் மடக்கினால் பெயின்ட் வெடிக்கும், நம் ஊர் மழைக்கு அந்த வெடிப்பில் துரு ஏற அதிக நாள் ஆகாது. ரிம்முக்காக உடம்பை வெட்டுவதைவிட, உடம்புக்கு ஏற்ற ரிம்மை வாங்குவது மலிவு.

சாலைப் போக்குவரத்துத் துறைக்காரர்கள் நிறுத்தினால் முதலில் பார்ப்பது டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான். ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கும் அதே விதி. காப்புறுதி நிறுவனத்திடமும் ரிம், சஸ்பென்ஷன் மாற்றியதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொல்வதற்கு அர்த்தமில்லை.

மாட்டி முடிந்த மறு ஞாயிறு, பின் சீட்டில் சித்தியையும் என்னையும் ஏற்றி, பெட்ரோல் நிரப்பி, வீட்டுப் பக்கத்து வேகத்தடையில் குறுக்காக ஏற்றி இறக்கினான் தம்பி. இரண்டு பக்கமும், இரண்டு தடவை. முன்வலது பக்கம் மட்டும், ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியபோது, உள் பிளாஸ்டிக் தடுப்பில் ஒரு சின்ன உரசல். ஒரு கிளிப் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டியதும் சரியாகிவிட்டது. சித்தி ரிம்மைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு நாள் அலைஞ்சீங்க? பழசுதான் எடுப்பா இருந்துச்சு" என்றார்.

பழைய 18 அங்குல ரிம்கள் நான்கும் இப்போது சித்தி வீட்டு போர்ச்சில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கின்றன. விற்றுவிடு என்று சித்தப்பா வாரம் ஒரு முறை சொல்கிறார். வாங்க வருகிறவரிடம் எந்தக் காருக்கு என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.